வடக்கே தலை

பிளக் பாயிண்ட் அந்தச் சுவரில் இருப்பதால்
தண்டையார்பேட்டையில் எங்கள் கிளினிக்குக்கு வருகிறவர்கள் எல்லாரும்
வடக்கே தலைவைத்துத்தான் படுக்கிறார்கள்.
தேசிங்கு மட்டும் கட்டிலைப் பார்த்து நின்றார்.
"வடக்கயாம்மா?"
"அஞ்சு நிமிஷம். அதுக்குள்ள எமன் வண்டி எடுக்கமாட்டான்."
சிரித்தார். கண்டெய்னர் லாரிக்காரர்.
எண்ணூர் ரோட்டில், ஹார்பர் கேட்டுக்கான வரிசையில்
இரண்டு ராத்திரி நின்றுவிட்டு வந்திருந்தார்.
சட்டையைக் கழற்றியதும் அறையெல்லாம் டீசல்.

சிவப்பு வலது மணிக்கட்டு, மஞ்சள் இடது,
பச்சை இடது கணுக்கால்.
"சிக்னல் கணக்கா இருக்கே. கறுப்பு?"
"அது எதையும் பாக்காது. சும்மா எர்த்து."
பிறகு ஜெல் தடவி மார்பில் ஆறு,
நடுவெலும்பிலிருந்து இடது அக்குள் வரை வளைத்து.

பத்துக் கம்பி, பன்னிரண்டு கண்.
இதை நான் வகுப்பில் படித்தும் புரியாமல்
கொருக்குப்பேட்டை கேட்டில் நின்று புரிந்துகொண்டேன்.
ரயில் என்னை நோக்கி வந்தால் கோடு மேலே.
என்னைவிட்டுப் போனால் கீழே.
குறுக்கே கடந்தால் கொஞ்சம் மேலே, கொஞ்சம் கீழே.
ரயில் ஒன்றுதான்.

இந்தக் கட்டிலில் இடது கை கடல் பக்கம்,
கால் பாரிமுனைப் பக்கம்.
இங்கே படுக்கிற இதயங்களின் மின்சாரத்தைக்
கூட்டிக் கழித்து ஓர் அம்பாக வரைந்தால்
அது தென்கிழக்கே, துறைமுகத்துக் கிரேன்களைக் காட்டும்.
முன்பின் இருக்கும்.
பிரஷர் முற்றியவர்களுக்குக் கடலைப் பார்த்து இன்னும் சாயும்.

முதல் லீடு இடது கையில் நின்று பார்ப்பது.
அங்கே கோடு எழும்ப வேண்டும்.
தேசிங்குக்குக் கவிழ்ந்து கிடந்தது,
முன்னால் வரும் சின்ன அலைகூட.
வலது தோளில் உட்கார்ந்து
எல்லாரும் முதுகு காட்டிப் போவதையே பார்த்துப் பழகிய ஏவிஆர்
இன்றைக்கு யாரோ தன்னைத் தேடி வந்ததுபோல்
நிமிர்ந்திருந்தது.

காது சூடேறியது எனக்கு.
பதினோரு வருஷ சர்வீஸ்,
சிவப்பையும் மஞ்சளையும் மாற்றிவிட்டேனா?
போய்ப் பார்த்தேன். மாறவில்லை.
தாளைக் கிழித்து மறுபடி எடுத்தேன்.
அதே.

கைக் கம்பி மாறினால் மார்புக் கம்பிகளுக்கு உறைக்காது.
ஒன்றிலிருந்து ஆறுவரை அவை தம்பாட்டுக்கு உயரும்.
இவருக்குத் தேய்ந்தன.
ஆறாவது, டீ கிளாஸின் அடியில் மிச்சம் நிற்குமே, அவ்வளவுதான்.

"எங்க வலின்னு சொன்னீங்கண்ணே?"
வலது மார்பு. வலது தோள். தாடை.
"மூணு நாளா. மெடிக்கல்ல கேஸ் மாத்திர குடுத்தாரு.
ஹார்ட்டுன்னா லெப்ட்லதான வரும்னாரு."

உள்ளங்கையை இடது மார்பில் வைத்தேன்.
பூட்டிய கடை.
வலப்பக்கம் வைத்தேன்.
இருந்தது.

ஹெப்சிபா டாக்டர் ஓடிவந்தார்.
கைக் கம்பிகளை வேண்டுமென்றே மாற்றி,
மார்பில் ஆறையும் வலது அக்குளுக்கு வளைத்து
மூன்றாவது தாள்.
ரியர் மிரரில் ஆம்புலன்ஸ் எழுத்து நேராவதுபோல
எல்லாம் நேரானது. இவருடைய அம்பு
தென்மேற்கே போகிறது, பேசின் பிரிட்ஜைத் தாண்டி.
வீடு புளியந்தோப்பாம்.
நேரான பிறகுதான் தெரிந்தது,
இரண்டு, மூன்று, நாலில்
தரையில் கிடக்கவேண்டிய கோடு கூடாரம்போல் தூக்கியிருந்தது.

ஆஸ்பிரின். நூற்றெட்டுக்கு போன்.
டாக்டர் அதிகம் பேசவில்லை.
"எனக்கு ரைட்லயாம்மா? நாப்பத்தேழு வருசமாவா?"
"ஸ்டீரிங் பக்கம்ணே."

ஸ்டான்லியில் டியூட்டியில் இருப்பது புதுப் பிள்ளையாக இருக்கலாம்.
கவிழ்ந்த கோட்டைப் பார்த்துக் காது சூடாகி
கம்பியைத் தப்பாகத் திருத்திவிடலாம்.
தாளின் தலையில் ஸ்கெட்ச் பேனாவால் எழுதினேன்:
கம்பி மாறல. ரெண்டு தடவை பாத்தாச்சு.
வலப்பக்கம் போடவும்.

சந்தில் வண்டி தெற்கே பார்த்து நின்றது.
கதவு மூடுமுன் உள்ளேயிருந்து கேட்டார்,
"இப்ப தலை எந்தப் பக்கம்?"
"தெற்கண்ணே."